நாலு மணிக்கு என்னை எழுப்பியவர்கள்

கை நடுங்குவது வேறு, கை உதறுவது வேறு. எங்கள் வீட்டில் யாருக்கும் இந்த வித்தியாசம் தெரியாததால்தான் நான் ஆஸ்பத்திரி வரை போக வேண்டி வந்தது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுக்கம் வந்தால் கொஞ்ச நேரம் நீடிக்கும். உதறல் ஒரே ஒரு நொடிதான். யாரோ பின்னாலிருந்து தோளைத் தட்டிவிட்ட மாதிரி இரண்டு கையும் வெட்டி இழுக்கும், கையில் இருப்பது பறந்து போகும், அவ்வளவுதான். நினைவு தப்பாது, வலிக்காது. தூங்கி எழுந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் அதிகம் வரும். ராத்திரி தூக்கம் குறைந்திருந்தால் நிச்சயம் வரும்.

எனக்கு இப்போது பதினெட்டு வயது. கடைசி வலிப்பு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. உதறல் தொடங்கியபோது பதினாறு. முதலில் பல் துலக்கும் பிரஷ் பறந்தது. பிறகு மைலோ கோப்பை. ஒரு காலையில் கைப்பேசியே பறந்து சுவரில் அடித்துத் திரை உடைந்தது. அம்மா மூன்று மாதம் ஓவர்டைம் செய்து வாங்கிக் கொடுத்தது.

“ராத்திரி முழுக்க அதயே புடிச்சிக்கிட்டு இருந்தா கை எப்படி நிக்கும்?” என்று அம்மா கேட்டார்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை. நான் கைப்பேசியை அதிகம் பார்த்தேன், மறைக்கப் போவதில்லை. ராத்திரி ஒரு மணி, சில நாள் இரண்டு மணி. ஆனால் ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்கள் வீடு சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தக் கரையில், பெர்மாஸ் ஜெயாவில் ஐந்தாவது மாடி. அம்மாவுக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. நாலு மணிக்கு எழுந்து, நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ் ஏறி, பாலம் தாண்டிப் போய், ராத்திரி எட்டுக்கு மேல்தான் வருவார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் மாறி மாறி ஷிப்ட். என்னைவிட மூன்று வயது பெரிய அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஃபுட்சால் பந்து ஆடப் போய்விடுவான். நான் பள்ளி விட்டு இரண்டரை மணிக்கு வீட்டுக்குள் வந்து கிரில் கதவைப் பூட்டிக்கொண்டால் மறுபடி திறக்கக் கூடாது. பொம்பளப் பிள்ளை, தனியாக இருக்கிறாள், கீழே கடைக்குக்கூடப் போக வேண்டாம். அம்மா வேலை இடைவேளையில் கூப்பிடும்போது இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அப்பாவுக்குப் போகும், அப்பாவிடமிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும். என் தோழிகள், என் டியூஷன், என் சண்டை சமாதானம் எல்லாம் அந்தக் கைப்பேசிக்குள்தான் இருந்தன. அண்ணனுக்கு மைதானம் இருந்தது, எனக்கு ஆறு அங்குலத் திரை. அவனை யாரும் மைதான அடிமை என்று சொன்னதில்லை.

என்னை அப்படிச் சொன்னவர் என் பெரியம்மா. அம்மாவின் அக்கா, ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மேடையில் ஏறினால் இறங்க மாட்டார். கோயில் மண்டபங்களிலும் பள்ளிகளிலும் பெற்றோர்களுக்கு அறிவுரைப் பேச்சு பேசுவார். “கைப்பேசியும் கன்னிப்பெண்களும்” என்பது அவருடைய வழக்கமான தலைப்பு. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அவர்தான் தலைவி. எழுபது பேருக்கு மேல் இருக்கும் குழு அது. காலை வணக்கப் படம் தினமும் ஐந்து, பார்த்துவிட்டுப் பதில் போடாத பிள்ளைகளின் பெயர் மாலையில் வரும். கைப்பேசியை விடு என்று சொல்பவரும் அவர்தான், ஏன் பதில் போடவில்லை என்று கேட்பவரும் அவர்தான்.

உதறல் தொடங்கியதற்கு அடுத்த வருஷம் எனக்கு எஸ்.பி.எம்., பள்ளி முடிக்கும் தேர்வு. நான் நன்றாகத் தேற வேண்டும் என்று தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாகப் பெரியம்மா வேண்டிக்கொண்டார். வேண்டியது அவர், எடுக்க வேண்டியது நான். மூன்று மணிக்கு எழுப்பிவிட்டார்கள். குளித்து, மஞ்சள் புடவை கட்டி, குடத்தைத் தலையில் தாங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். பெரியம்மா எனக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். கோயில் வாசல் தெரிந்த இடத்தில் தோள் ஒரு தடவை உதறியது. குடத்தை இறுக்கிப் பிடித்தேன். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. மூன்றாவது உதறலில் குடம் முன்னால் பறந்து பெரியம்மாவின் புதுப் பட்டுப்புடவை மேல் விழுந்தது.

பூசாரி கடிந்துகொள்ளவில்லை. “பரவால்லமா, வேற கொடம் எடுத்துக்க,” என்று மட்டும் சொன்னார். பெரியம்மாதான் விடவில்லை. நாங்கள் வீட்டுக்கு வந்து பசியாறுவதற்குள் அந்த வீடியோ குழுவில் வந்துவிட்டது. கீழே இப்படி எழுதியிருந்தார்: “ராத்திரி இரண்டு மணி வரை கைப்பேசி. காலையில் முருகன் குடம் கையில் நிற்கவில்லை. பெற்றோர்களே, சிந்திப்பீர்.”

எழுபது பேரும் சிந்தித்தார்கள். கும்பிடும் கை, அழும் முகம், எங்கள் காலத்தில் இப்படி இல்லை. பிறகு அது வேறு குழுக்களுக்குப் போனது. திங்கட்கிழமை பள்ளிக்குப் போனபோது என் வகுப்பில் ஒருத்திக்கு அவள் அம்மா மூலமாகவே வந்திருந்தது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் சூசு. மலாயில் பால். பள்ளி உணவகத்தில் பால் பாக்கெட்டைக் கண்டபோதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த வாரம்தான் எனக்கு ஓர் ஆசை பிறந்தது. அதே குழுவில், அதே எழுபது பேருக்கு முன்னால், பெரியம்மா தன் கையால் “நான் சொன்னது தவறு” என்று எழுத வேண்டும். இது மட்டும்தான் வேண்டும். இன்றைக்கும் அதுதான் வேண்டும்.

பால் சிந்தியது தோஷம் என்றார் பெரியம்மா. பரிகாரமும் அவரே சொன்னார். கைப்பேசியை வாங்கி வைத்துவிட வேண்டும். நாற்பத்தெட்டு நாள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, தலைக்குக் குளித்து, விளக்கேற்றிக் கவசம் படிக்க வேண்டும்.

“நீதான் எப்படியும் நாலு மணிக்கு எந்திரிக்கிற. இவளையும் சேத்து எழுப்பு. மனசு சுத்தமாயிட்டா கையி தானா நின்னுரும்,” என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா எழுப்பினார். பள்ளிப் பாடம் முடிந்து நான் படுக்கப் பதினொன்றரை ஆகும். நாலு மணிக்குத் தலையில் பச்சைத் தண்ணீர். கைப்பேசி இல்லாத அந்த நாட்களில் உதறல் குறையவே இல்லை, இரட்டிப்பானது. தீப்பெட்டி பறந்தது, எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

“அம்மா, கையி முன்னவிட மோசமா இழுக்குது.”

“போகப் போகச் சரியாயிரும்னு பெரியம்மா சொன்னாங்கல்ல. பஸ்ஸுக்கு நேரமாச்சு, படி,” என்றார் அம்மா, காலுறையை மாட்டிக்கொண்டே.

பத்தொன்பதாவது நாள், அம்மா காலணி போட்டுக்கொண்டிருந்தபோது நான் சாமி மேடை முன்னால் விழுந்தேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நாலைந்து உதறல் அடுத்தடுத்து வந்தது, பித்தளைத் தட்டு விழுந்த சத்தம் கேட்டது. மற்றதெல்லாம் அண்ணன் சொல்லித் தெரியும். உடம்பு விறைத்துப் பிறகு வெட்டி வெட்டி இழுத்ததாம், உதடு நீலமானதாம், நாக்கைக் கடித்து ரத்தம் வந்ததாம். அம்மா கிரில் சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாராம். அண்ணன் வாயில் கரண்டியை நுழைக்கப் பார்த்தானாம். இரண்டும் தப்பு என்று பிறகு டாக்டர் சொன்னார். இரும்பு எதையும் செய்யாது. வாயில் எதையும் வைக்கக் கூடாது, பல் உடையும், மூச்சு அடைக்கும். ஆளை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணி வைத்து, நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷம் தாண்டினால் உடனே ஆம்புலன்ஸ். எனக்கு இரண்டு நிமிஷத்தில் நின்றது. அம்மாவுக்கு அது அரை மணி நேரம்.

கண் விழித்தபோது அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் மஞ்சள் பகுதியில் இருந்தேன். சிவப்பு என்றால் உயிர் ஆபத்து, பச்சை என்றால் காத்திருக்கலாம், மஞ்சள் நடுவில். உடம்பெல்லாம் யாரோ அடித்துத் துவைத்த மாதிரி வலி. அம்மா தொழிற்சாலைச் சட்டையோடு நின்றிருந்தார். ஒரு காலில் வேலைக் காலணி, மறுகாலில் வீட்டுச் செருப்பு. அதை அவர் மத்தியானம் வரை கவனிக்கவில்லை.

விடிவதற்குள் பெரியம்மா வந்துவிட்டார். இளம் டாக்டர் ஒருவர் என்னிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவாய்? “ஹேண்ட்போன், டாக்டர்.” சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? “ஹேண்ட்போன் பார்த்துக்கிட்டேதான் சாப்புடுவா.” இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா? “எல்லாம் ஹேண்ட்போன்தான், டாக்டர்.” நான் பத்தொன்பது நாளாகக் கைப்பேசியைத் தொடவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கடிபட்ட நாக்கு வீங்கிப்போய் என்னமோ உளறலாக வந்தது.

மண்டையை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். வட்டமான இயந்திரத்துக்குள் படுக்க வைத்து மூளையை அடுக்கடுக்காகப் படம் பிடிப்பது. கட்டி, ரத்தக்கசிவு இருந்தால் தெரியும். எனக்கு ஒன்றும் இல்லை. வலிப்பு நோய் பலருக்கு ஸ்கேனில் தெரியாது என்று அந்த டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“பார்த்தியா, மண்டையில ஒன்னுமே இல்ல. நான் சொன்னேன்ல?”

வார்டில் ஆறு நாள் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்ப் பாட்டி, எதிர்க் கட்டிலில் சிகாமட்டிலிருந்து வந்த ஓர் ஆசிரியை. காலை ஐந்தரைக்கு ரத்த அழுத்தம் பார்க்க, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸ் வருவார். மருந்து வண்டியின் சக்கரம் ஒன்று கிறீச்சிடும், அதைக் கேட்டதும் எல்லாரும் ஒன்றாகப் புரண்டு படுப்போம். அம்மா வேலைக்குப் போகாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறந்ததிலிருந்து அம்மாவை இவ்வளவு நேரம் தொடர்ந்து பகலில் பார்த்தது அப்போதுதான். தலை சீவிவிட்டார். நாக்கு எரியும் என்று கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்தார். அப்பா இரண்டு ஷிப்டுக்கு நடுவில் வந்து, என் கால் நகத்தை வெட்டிவிட்டுப் போனார். அண்ணன் கரண்டிக் குற்றத்துக்காக தினமும் ஓர் ஐஸ்கிரீம் கொண்டுவந்தான்.

மூன்றாம் நாள் நரம்பியல் டாக்டர் வந்தார். டாக்டர் ஹனிம் என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். அவர் என்னிடம்தான் கேட்டார், பக்கத்தில் நின்ற அம்மாவையோ பெரியம்மாவையோ பார்த்துக் கேட்கவில்லை.

“காலையில் கையிலிருந்து சாமான் விழுமா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பிரஷ், கோப்பை, கைப்பேசி, குடம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்படி விழும்போது எடுத்த வீடியோ ஏதாவது இருக்கிறதா, இருந்தால் நல்லது என்றார். பெரியம்மா முகம் போன போக்கை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தன் கைப்பேசியில் குழுவைத் திறந்து டாக்டரிடம் நீட்டினார்.

டாக்டர் நாலு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். குடம் விழுவதற்கு முன்னாலேயே இரண்டு உதறல், தோள் இரண்டும் ஒரே நேரத்தில். கண் திறந்திருக்கிறது, நடை நிற்கவில்லை. இதைத்தான் மயோக்ளோனிக் உதறல் என்பார்கள் என்று சொன்னார். பதின்ம வயதில் தொடங்கும் ஒருவகை வலிப்பு நோயின் அடையாளம். பிறவியிலேயே மூளையின் மின்னோட்டத்தில் இருக்கும் கோளாறு. கைப்பேசி இதை உண்டாக்காது. தூக்கக் குறைவு இதைத் தூண்டிவிடும், அந்தத் தூக்கத்தைக் கெடுப்பது கைப்பேசியானாலும் சரி, வேறு எதுவானாலும் சரி.

“கடைசி மூன்று வாரம் எத்தனை மணிக்கு எழுந்தாய்?” என்று கேட்டார்.

“நாலு மணிக்கு,” என்றேன். சொல்லிவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

உறுதி செய்ய ஈ.ஈ.ஜி. எடுக்க வேண்டும் என்றார்கள். தலை முழுக்கப் பசை தடவி இருபதுக்கு மேற்பட்ட கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்னலைகளைக் காகிதத்தில் வரைவது போலப் பதிவு செய்வது. கண்ணுக்கு நேரே விளக்கை வெட்டி வெட்டி எரிய விடுவார்கள். வலிக்காது, பசையைக் கழுவுவதுதான் பெரும்பாடு. இதற்கு முதல் நாள் ராத்திரி தூங்கக் கூடாதாம். தூக்கம் கெட்ட மூளைதான் தன் குட்டைத் தானே வெளிப்படுத்தும். என்னை எப்படி விழித்திருக்க வைப்பது என்று அம்மா மிஸ்ஸியிடம் கேட்டார். “ஹேண்ட்போன் குடுங்க,” என்றார் மிஸ்ஸி. அலமாரியில் பூட்டி வைத்த என் கைப்பேசியை அம்மா அப்பாவிடம் சொல்லி வரவழைத்துக் கையில் கொடுத்தார். டாக்டர் உத்தரவுப்படி விடிய விடியப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அதுபோல் ஒரு ராத்திரி இனி வராது.

முடிவு டாக்டர் சொன்னபடியே வந்தது. லெவெடிராசெட்டம் என்று ஒரு மாத்திரை, காலையிலும் இரவிலும். ராத்திரி எட்டு மணி நேரத் தூக்கம் கட்டாயம். ஒரு பக்கவிளைவையும் சொன்னார். சிலருக்குக் கோபம் அதிகமாக வரும், அப்படி வந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பெரியம்மா மட்டும் நன்றாக மனப்பாடம் செய்துகொண்டார்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அவர் ஆப்பிள் பையோடு வந்தார். என் காலைத் தடவினார். கண் கலங்கியிருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

“பெரியம்மா வேணும்னா செஞ்சேன்? உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்?”

“சரி, பெரியம்மா. அத அப்படியே குரூப்ல எழுதிருங்க.”

“எத?”

“நீங்க சொன்னது தப்பு, ஃபோனு காரணம் இல்ல, எனக்கு வலிப்பு நோயின்னு.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். “வலிப்புன்னு ஊருக்கே தெரிஞ்சா நாளைக்கு உனக்கு யார் பொண்ணு கேட்டு வருவா? நான் பார்த்து எழுதுறேன்.”

மாலையில் எழுதினார். “லோஷினிக்குக் கடும் காய்ச்சல். இறையருளால் தேறி வருகிறாள். அனைவரும் பிரார்த்திப்போம்.” எழுபது பேரும் பிரார்த்தித்தார்கள். குடம் விழுந்த வீடியோ மேலே அப்படியே இருந்தது. நான் உண்மையை எழுதலாம் என்று திறந்தால், தலைவி மட்டுமே எழுதும்படி குழுவைப் பூட்டி வைத்திருந்தார். அன்று நான் கத்திய கத்தலில் அப்பா வந்து ஜன்னலைச் சாத்தினார். “மாத்திரைக் கோவம்,” என்று அண்ணனிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. கை உதறினால் கைப்பேசி, வாய் பேசினால் மாத்திரை. எனக்கென்று சொந்தமாக ஒரு கோபம்கூட இல்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரியின் நரம்பியல் கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் ஹனிமிடம் இதைச் சொன்னேன். யார் மேல் கோபம், எதற்கு என்று கேட்டார். முழுவதையும் சொன்னேன். “இது மாத்திரை இல்லை,” என்றார். அதை ஒரு தாளில் எழுதி முத்திரை போட்டுத் தரச் சொல்லியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

அந்த கிளினிக்கின் காத்திருப்பு அறையில் எண்ணைக் கூப்பிட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஒருநாள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ரூபா அக்கா என்பவர் கேள்வித்தாள் கட்டோடு வந்தார். பதின்ம வயதுப் பெண்கள் கைப்பேசியை அதிகம் பயன்படுத்துவதற்கு என்னென்ன காரணிகள் என்று ஆராய்கிறாராம். அம்மா கையெழுத்துப் போட்டுச் சம்மதம் கொடுத்தார். நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். வீட்டில் தனியாக இருக்கும் நேரம், பெற்றோர் வேலை நேரம், உறக்கம், வெளியே விளையாடும் நேரம் என்று வரிசையாகக் கட்டங்கள். நான் கட்டங்களுக்குள் நிற்கவில்லை. ஓரத்தில் எழுதினேன். கிரில் பூட்டு, இரண்டாவது மணிக்குள் எடுக்க வேண்டிய அழைப்பு, அண்ணனின் மோட்டார், பதில் போடாத பிள்ளைகளின் பட்டியல். கைப்பேசி இல்லாத நாட்களில் உங்கள் உறக்கம் எப்படி இருந்தது என்று ஒரு கேள்வி. “பெரியம்மா தினமும் நாலு மணிக்கு எழுப்ப வைத்தார், பத்தொன்பதாம் நாள் வலிப்பு வந்தது” என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

ரூபா அக்கா வாங்கிப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “ஓரத்துல எழுதுனத எல்லாம் நம்பரா மாத்த முடியாதேமா,” என்றார். ஆனாலும் தாளை மடிக்காமல் தனியாக எடுத்து வைத்தார். நான் எழுதும்போதே அம்மா என் தோளுக்கு மேலாக எல்லாவற்றையும் படித்திருந்தார். தண்ணி வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

உண்மை எப்படியோ வெளியே கசிந்தது. ஒரு கல்யாண வீட்டில் யாரோ பெரியம்மாவிடமே வலிப்பு நோய் பற்றிக் கேட்டுவிட்டார்கள். அவர் அசரவில்லை. கதையை மாற்றிக்கொண்டார். தான் எடுத்த வீடியோவை வைத்துத்தான் டாக்டரே நோயைக் கண்டுபிடித்தார், தான் எடுக்காமல் இருந்திருந்தால் பிள்ளை போயிருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

போன மாதம் யோங் பெங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் அவர் பேச்சு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தோம். பெரிய திரையில் என் வீடியோ ஓடியது. என் முகத்தின் மேல் ஒரு மஞ்சள் சிரிப்புப் பொம்மையை ஒட்டியிருந்தார். “இது என் உடன்பிறந்த தங்கையின் மகள். நான் எடுத்த இந்தக் காட்சி ஓர் உயிரைக் காப்பாற்றியது,” என்றார். கைதட்டல். கேள்வி நேரம் வந்ததும் நான் எழுந்தேன். மைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

“பெரியம்மா, அந்த வீடியோவுக்குக் கீழ அன்னிக்கு நீங்க என்ன எழுதுனீங்கன்னு இவங்களுக்குச் சொல்லுங்க. அதுக்கு அப்புறம் என்னைய நாலு மணிக்கு எழுப்பச் சொன்னதையும் சொல்லுங்க. தப்புன்னு சொல்லுங்க, போதும்.”

இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை கற்பனை செய்து பார்த்திருந்தேன். பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார், மிகவும் அன்பான சிரிப்பு.

“இதோ, இவதான் அந்தப் பிள்ளை. இந்த மருந்து சாப்பிட்டா கோபம் வரும்னு டாக்டரே சொல்லியிருக்காங்க. நம்ம பிள்ளைங்க, நாமதான் அனுசரிச்சுப் போகணும்.”

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் வழிந்தது. நான் மைக்கை இறக்கினேன். அப்போது அம்மா எழுந்தார். மைக்கை வாங்கவில்லை. இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய குரல், மண்டபத்துக்கு அது போதும்.

“மருந்து இல்லக்கா. நாலு மணிக்கு எழுப்புனது நான்தான். பத்தொம்பது நாளு. கையி மோசமா இழுக்குதுன்னு என் பிள்ள சொன்னா. நான் கேக்கல. அது என் தப்பு.”

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நான் எறிந்தது அவர் மேல் விழ வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அம்மா உட்காரவில்லை. மேடையைப் பார்த்தபடி நின்றார். அக்காவின் முறைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பெரியம்மாவுக்கும் புரிந்திருக்க வேண்டும், மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“சரி சரி, உக்காரு தங்கச்சி. பெத்தவங்க தெரியாம செய்யிறதுதான். கடவுள் மன்னிச்சிருவாரு,” என்றார்.

மக்கள் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் முழுக்க ஓயும் வரை அம்மா நின்றுகொண்டே இருந்தார்.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் அம்மா சாவியைத் திருப்பவில்லை. கண்ணாடி வழியாக மண்டப வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பெரியம்மாவைச் சுற்றிக் கூட்டம்.

“நீ கேட்டது கெடச்சிச்சா?” என்றார் அம்மா.

“இல்லம்மா.”

அம்மா காரை எடுத்தார். நெடுஞ்சாலைக்குத் திரும்பும் விளக்கில் நிற்கும்போது, சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

“அடுத்த மாசம் சிகாமட்டுல பேசுறாங்களாம். நான் லீவு சொல்லிர்றேன், போலாம்.”